‘எனக்கு ஓடுதுங்களே!’ சி மொழியில் நடையும் ஸ்டாண்டர்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூரில் பம்ப் செட் பேனலுக்குள் உட்காரும் எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பீளமேட்டில் ஒரு அறையில் கல்லூரிப் பிள்ளைகளும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுமாக ஏழெட்டுப் பேர் கூடுவோம். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், சி என்ற புரோகிராமிங் மொழியை எப்படி எழுதினால் சரி என்ற வாதத்தில்தான் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு லூப்பும் ஒரு பாயிண்டரும் எழுதத் தெரிந்திருந்தால் போதும், படித்துவிடலாம்.

புரோகிராம் நல்லா ஓடுதுங்ணா. அப்புறம் ஸ்டாண்டர்டு எதுக்கு?

கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு லேத் பட்டறைக்குப் போய் 6203 பேரிங் என்று சொல்லிப் பாருங்கள். உள் விட்டம் 17 மில்லிமீட்டர், வெளி விட்டம் 40, அகலம் 12. யார் செய்த பேரிங் ஆனாலும் இதே அளவுதான். அதனால்தான் ஷாஃப்ட்டை ஒரு பட்டறையிலும் மூடியை இன்னொரு பட்டறையிலும் கடைந்து, பேரிங்கைக் கடையில் வாங்கி, எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் கோக்க முடிகிறது. ஷாஃப்ட்டைக் கொஞ்சம் பெருசாகக் கடைந்துவிட்டு, கையில் கிடைத்த பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றி, "உட்காந்துருச்சுங்க" என்று ஒருவர் சொன்னால் எந்த மேஸ்திரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆறு மாதத்தில் அது சத்தம் போட ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சி ஸ்டாண்டர்டும் அந்த அளவுப் பட்டியல் மாதிரிதான். கம்பைலர் (நாம் எழுதும் சி-யைச் சிப்புக்குப் புரியும் கட்டளையாக மாற்றும் மென்பொருள்) எழுதுகிறவரும் நீங்களும் நேரில் பார்த்துக்கொள்ளாமலே ஒத்துக்கொண்ட அளவு அது. "ஓடுது" என்றால், இந்தக் கம்பைலரில், இந்த ஆப்ஷனோடு, இந்த இன்புட்டுக்கு, இன்றைக்கு ஓடியது என்று மட்டும்தான் அர்த்தம். கம்பைலரை மாற்றினால், சிப்பை மாற்றினால், ஆப்டிமைசேஷனை (வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் மாற்றங்களை) ஒரு படி ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஸ்டாண்டர்டில் இருக்கிறது.

ஸ்டாண்டர்டுன்னா எந்தப் புத்தகம்? எந்த வருசத்தது?

டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் சி-யை உருவாக்கியது 1970-களின் தொடக்கத்தில். 1978-இல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய புத்தகம்தான் ரொம்ப காலம் அளவுகோலாக இருந்தது. ஆளுக்கொரு கம்பைலர் வந்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் மாறிப் போனதால், அமெரிக்காவில் 1989-இல் முறையான ஸ்டாண்டர்டு வெளியிட்டார்கள். அடுத்த வருசமே அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் ஸ்டாண்டர்டு ஆனது. எண் 9899. அதன் பிறகு சி99, சி11, சி17, கடைசியாக சி23. இந்த சி23 அச்சாகி வெளிவந்தது 2024-இல்.

ஒருவர் "சி-யில் இது சரி" என்று சொன்னால், எந்த சி என்று முதலில் கேளுங்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாதங்களில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும். ஒருவர் 1989-ஐ மனதில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார், மற்றவர் 2011-ஐ.

நடையும் ஸ்டாண்டர்டும் ஒண்ணுதானுங்களே?

ஒன்று இல்லை. நடை என்றால் எழுதும் பாணி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் வாதம் பண்ணத் தெரியும் என்பேன்.

மூன்று ஃபேஸ் பேனல் ஒன்றைத் திறந்து பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கருப்பு, எர்த்துக்குப் பச்சை. எல்லா இடத்திலும் ஒரே கருப்பு ஒயரைப் போட்டாலும் மின்சாரம் போகும். மோட்டாரும் சுத்தும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, எந்த ஃபேஸ் போச்சு என்று தேடும் எலக்ட்ரீசியனை நினைத்துப் பாருங்கள். புரோகிராமில் பெயர் வைப்பது, இடம் விடுவது, பிரேஸ் (நெளி அடைப்புக்குறி) போடுவது எல்லாம் அந்த ஒயர் நிறம் மாதிரி. கம்பைலருக்கு அது பொருட்டே இல்லை. அடுத்து வரும் ஆளுக்காக நாம் செய்வது.

ஒயரின் தடிமன் வேறு சங்கதி. பத்து எச்பி மோட்டாருக்கு மெல்லிசான ஒயரை இழுத்தால் நிறம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் எரியும். ஸ்டாண்டர்டை மீறுவது அந்த வகை. அதனால் நடையில் விட்டுக்கொடுத்துப் போகலாம், தப்பில்லை. ஸ்டாண்டர்டு விசயத்தில் விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை. பிள்ளைகள் தலைகீழாகச் செய்கிறார்கள்: பிரேஸ் எந்த வரியில் வர வேண்டும் என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள், அளவு தாண்டி எழுதும் அர்ரேயை யாருமே கவனிப்பதில்லை.

வாய்ட் மெயின் தப்புன்னு சொல்றீங்க. எங்க லேபில் அப்படித்தானே எழுதறோம்?

மெயின் என்பது புரோகிராம் தொடங்கும் ஃபங்ஷன். வாய்ட் என்றால் அது எதையும் திருப்பித் தராது, இன்ட் என்றால் ஒரு முழு எண்ணைத் தரும். கம்ப்யூட்டரில், விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஓஎஸ்-க்கு மேல் ஓடும் புரோகிராம் என்றால் இன்ட் மெயின்தான். 1989 ஸ்டாண்டர்டு அதற்கு இரண்டே வடிவம் கொடுத்தது: ஒன்றும் வாங்காதது, கட்டளை வரியில் அடித்த சொற்களைக் கொண்டுவரும் ஆர்க்-சி, ஆர்க்-வி இரண்டையும் வாங்குவது. இரண்டுமே இன்ட்-ஐத் திருப்பித் தர வேண்டும். சி99 வந்தபோது, கம்பைலர் தன் ஆவணத்தில் சொல்லியிருந்தால் வேறு வடிவமும் இருக்கலாம் என்று இடம் விட்டார்கள். உங்கள் கம்பைலர் அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று பார்க்காமல் வாய்ட் மெயின் எழுதினால், யாரும் தராத வாக்கை நம்பி எழுதுவதாக ஆகும்.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். லினக்ஸில் வாய்ட் மெயினுக்குள் பிரின்ட்எஃப் வைத்து ‘வணக்கம்’ என்று அச்சடித்து, கடைசியில் புது வரி போட்டு ஓட்டுங்கள். முடிந்ததும் டெர்மினலில் எக்கோ டாலர் கேள்விக்குறி அடித்து, புரோகிராம் என்ன எண்ணைத் திருப்பியது என்று பாருங்கள். பல கணினிகளில் 22 வரும். எங்கிருந்து வந்தது 22? ‘வணக்கம்’ என்பதில் யூனிகோடு கணக்கில் ஏழு எழுத்துக் குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. புது வரிக்கு ஒன்று. அச்சடித்த பைட் எண்ணிக்கை ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண் வைக்கும் சிறு இடத்தில்) அப்படியே தங்கி, புரோகிராமின் பதிலாகப் போய்விட்டது. பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் ஷெல் ஸ்கிரிப்டும் மேக் ஃபைலும் உங்கள் புரோகிராம் தோற்றுவிட்டது என்று அங்கேயே நின்றுவிடும்.

இன்ட் மெயின் எழுதினால், சி99 முதல், கடைசி பிரேஸை எட்டும்போது பூஜ்யம் தானாகத் திரும்பும். இருந்தாலும் நான் ரிட்டர்ன் 0 எழுதிவிடுவேன். படிக்கிறவருக்குச் சந்தேகம் வராது.

ஒன்று சொல்ல வேண்டும். ஓஎஸ் இல்லாத மைக்ரோகன்ட்ரோலரில் முதல் ஃபங்ஷனின் பெயரையும் வகையையும் கம்பைலரே முடிவு செய்யலாம் என்று ஸ்டாண்டர்டே அனுமதிக்கிறது. அங்கே மெயின் திரும்பிப் போக இடமும் கிடையாது. அங்கே வாய்ட் மெயின் பார்த்தால் உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். கம்பைலரின் கையேட்டைப் பாருங்கள்.

அப்போ டர்போ சி-யை விட்டுடணுமா?

விட்டுவிடுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கம்பைலர் அது. 1990-களின் தொடக்கத்தில் வந்த பதிப்பைத்தான் இன்றைக்கும் டாஸ் மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் வைத்து ஓட்டுகிறார்கள். சி99 பிறப்பதற்கு முன்பே நின்றுபோன ஒன்று. திரையைத் துடைக்கும் ஃபங்ஷனும், ஒரு எழுத்துக்குக் காத்திருக்கும் கெட்ச்-உம் கோனியோ ஹெடரில் (ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைலில்) வருகின்றன. அந்த ஹெடர் ஸ்டாண்டர்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. லேபில் வேறு வழி இல்லையென்றால் அங்கே அப்படி எழுதுங்கள். வீட்டுக்கு வந்து அதே கணக்கை இன்றைய கம்பைலர்களான ஜிசிசி-யிலோ கிளாங்கிலோ ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

பழைய லேப் புரோகிராம் எல்லாம் புது ஜிசிசி-யில் எரர் காட்டுதுங்க. கம்பைலர் கெட்டுப்போச்சா?

கம்பைலர் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதும், வகை எழுதாமல் விட்டால் இன்ட் என்று எடுத்துக்கொள்வதும் சி99-லேயே நீக்கப்பட்டவை. ஜிசிசி கால் நூற்றாண்டு வார்னிங் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024-இல் வந்த ஜிசிசி 14 அதை எரர் ஆக்கியது. அடுத்த வருசம் வந்த ஜிசிசி 15, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சி23-ஐ ஒட்டிப் போகிறது. அதில் வெற்று அடைப்புக்குறி என்றால் ஆர்கியுமென்ட் எதுவும் கிடையாது என்று அர்த்தம். முன்பு அது ‘என்ன வரும் என்று சொல்லவில்லை’ என்றுதான் இருந்தது. ஹெடரைச் சேருங்கள், ஃபங்ஷனை முறையாக அறிவியுங்கள். பெரும்பாலும் பத்து நிமிச வேலை.

ஐ++ + ++ஐ போட்டா விடை என்ன வரும்? இன்டர்வியூவில் கேட்டாங்க.

விடை கிடையாது. ஒரே வேரியபிளை, எது முதலில் எது பிறகு என்ற வரிசை இல்லாமல், ஒரே எக்ஸ்பிரஷனுக்குள் இரண்டு தடவை மாற்றினால் அதற்கு ஸ்டாண்டர்டு எந்தப் பொருளும் சொல்லவில்லை. ஐ = ஐ++ என்பதும் சி-யில் அதே கதைதான். சி-யிலிருந்து பிறந்த சி++ மொழி 2017-இல் இந்த இரண்டாவதற்கு ஒரு வரிசை கொடுத்துவிட்டது, சி கொடுக்கவில்லை. ஐ-யில் 5 வைத்துவிட்டு 11 என்றும் 12 என்றும் அடித்துக்கொள்ளும் நண்பர்கள் தங்கள் கம்பைலரில் வந்ததைத்தான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் மூன்று வகையைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வாதத்துக்கும் உதவும். கம்பைலர் தானே முடிவு செய்து, அதை ஆவணத்தில் எழுதியும் வைக்க வேண்டியது ஒரு வகை: இன்ட் எத்தனை பிட், சார் என்பது குறி உள்ளதா (மைனஸ் எண்ணும் வைக்குமா) இல்லாததா என்பதெல்லாம் இதில் வரும். சிலவற்றில் இரண்டு மூன்று வழிகளில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எழுதி வைக்கத் தேவையில்லை. ஃபங்ஷன் ஆர்கியுமென்ட்டுகளில் எது முதலில் கணக்கிடப்படும் என்பது அப்படி. மூன்றாவதுதான் ஆபத்து: பொருளே வரையறுக்கப்படாதவை. அர்ரேயின் எல்லையைத் தாண்டுவது, குறி உள்ள எண் நிரம்பி வழிவது, விடுவித்த மெமரியைத் தொடுவது.

மூன்றாவது வகை உங்கள் புரோகிராமில் வரவே வராது என்று நம்பித்தான் கம்பைலர் ஆப்டிமைஸ் செய்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2009-இல் ஒரு இடத்தில் பாயிண்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அது நல் (எதையும் காட்டாத வெற்று பாயிண்டர்) தானா என்று சோதித்திருந்தார்கள். "ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது, அப்படியென்றால் நல் ஆக இருக்க முடியாது" என்று கணக்குப் போட்டு ஜிசிசி அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. அது பெரிய பாதுகாப்பு ஓட்டை ஆனது. எழுதியவர் பார்வையில் சோதனை இருக்கிறது, ஓடுவதில் இல்லை.

இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்தால் "இது வரையறுக்கப்படாதது சார், ஏனென்றால் இடையில் வரிசை இல்லை" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் சந்தோசப்படுவார்.

லேப்டாப்பில் சரியா வருது, போர்டில் தப்பா வருது. எப்படிங்ணா?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டாரைத் தானாகப் போடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போர்டு. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் எடுத்தால் வோல்டேஜ் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் பத்து நொடி, இருபது நொடி என்று தள்ளித் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அந்தத் தாமதத்தை நொடியில் வாங்கி, ஆயிரத்தால் பெருக்கி, மில்லி நொடியாக ஒரு 32 பிட் வேரியபிளில் வைத்திருந்தேன். லேப்டாப்பில் எல்லா எண்ணுக்கும் சோதித்தேன். போர்டில் 5, 10, 30 வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி.

சூலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, முப்பது வெச்சா ஓடுதுங்க. நாப்பது வெச்சா மோட்டார் எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க." நேரில் போனேன். 31 வைத்தோம், ஓடியது. 32 ஓடியது. 33 வைத்துவிட்டு கிணற்று மேட்டில் அவரும் நானும் நின்றோம். ஒரு நிமிசம் ஆனது, இரண்டு நிமிசம் ஆனது, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்டர் இழுக்கவே இல்லை. 32-க்கும் 33-க்கும் நடுவில்தான் 32,767 இருக்கிறது என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

அந்தச் சிப்பின் கம்பைலரில் இன்ட் 16 பிட், 32,767-க்கு மேல் தாங்காது. நொடியும் இன்ட், 1000-உம் இன்ட். அதனால் பெருக்கலும் இன்ட்டில்தான் நடக்கும். விடையைப் போய் வைக்கும் வேரியபிள் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயன் இல்லை, அதற்குள் வழிந்து முடிந்திருக்கும். 40-ஐ ஆயிரத்தால் பெருக்கியதில் 40,000-க்குப் பதில் மைனஸ் 25,536 வந்தது. அதைக் குறி இல்லாத 32 பிட்டில் வைத்தபோது 429 கோடியைத் தாண்டிய மில்லி நொடி. நாள் கணக்கில் 49-க்கும் மேல். போர்டு சொன்னபடி காத்துக்கொண்டுதான் இருந்தது.

இன்ட் என்பது 32,767 வரை தாங்கும், அதற்கு மேல் வாக்குறுதி இல்லை என்று ஸ்டாண்டர்டு 1989 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பில் 32 பிட் இருந்தது அந்தக் கம்பைலர் கூடுதலாகக் கொடுத்தது. பெருக்குவதற்கு முன்பே நொடியை சி99-இல் வந்த யுஇன்ட்32_டி (குறி இல்லாத 32 பிட் எண்) ஆக மாற்றியதும் சரியானது. ஒரு வார்த்தை மாற்றம். அதற்கு முன் அந்தப் பெரியவரின் வாழைக்கு இரண்டு நாள் தண்ணீர் பாயவில்லை.

இதே குடும்பத்தில் இன்னொன்று: ஒரு எழுத்தை வாங்கும் கெட்சார் திருப்பித் தருவது இன்ட். அதை சார் வேரியபிளில் வாங்கி ஃபைல் முடிவா என்று சோதிக்கிறவர்கள் நிறைய. வழக்கமான லேப்டாப்பில் சார் குறி உள்ளது, தப்பித்துவிடும். ராஸ்ப்பெர்ரி பை மாதிரி ஆர்ம் லினக்ஸில் சார் குறி இல்லாதது. ஃபைல் முடிவைச் சொல்லும் எண் மைனஸ் என்பதால் லூப் முடியவே முடியாது.

கெட்ஸ் பயன்படுத்தலாமா?

கூடாது. எத்தனை எழுத்து வரும் என்று தெரியாமலே வாங்கிக்கொண்டு போகும் ஃபங்ஷன் அது. 1988 நவம்பரில் இணையத்தில் தானாகவே பரவிய மாரிஸ் வார்ம் என்ற புரோகிராம் நுழைந்த வழிகளில் ஒன்று, கெட்ஸ் வைத்து 512 பைட் இடத்தில் படித்துக்கொண்டிருந்த ஃபிங்கர் சர்வர்தான். சி11 அதை மொழியில் இருந்தே எடுத்துவிட்டது. அளவு சொல்லி வாங்கும் எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள், கடைசியில் வரும் புது வரிக் குறியை நீங்களே நீக்குங்கள்.

எஃப்ஃப்ளஷ்-க்குள் எஸ்டிடிஇன் போட்டா ஸ்கேன்எஃப் பிரச்சினை தீருதுங்களே?

ஸ்கேன்எஃப் எண்ணை வாங்கிவிட்டுப் புது வரிக் குறியை விட்டுவைப்பதையும், அது அடுத்து வாங்கும்போது குறுக்கிடுவதையும்தான் சொல்கிறீர்கள். சில கம்பைலரில் தீரும். இன்புட் ஸ்ட்ரீமுக்கு எஃப்ஃப்ளஷ் என்ன செய்யும் என்று ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டு வரையறுக்கவில்லை. ஒரு வரியை எஃப்கெட்ஸில் வாங்கி, எஸ்ஸ்கேன்எஃப்-இல் பிரித்தால் அந்தப் பிரச்சினையே வராது.

மாலாக் முன்னாடி காஸ்ட் போடணுமா வேண்டாமா?

மாலாக் என்பது ஓடும்போது மெமரி வாங்கும் ஃபங்ஷன், காஸ்ட் என்பது வகையை மாற்றச் சொல்லி எழுதுவது. சி-யில் வேண்டாம். வாய்ட் பாயிண்டர் எந்த டேட்டா பாயிண்டராகவும் தானாக மாறும். சி++-இல்தான் காஸ்ட் கட்டாயம். பழைய சி-யில் காஸ்ட் ஒரு தப்பையும் மறைத்தது: ஹெடரைச் சேர்க்க மறந்தால் மாலாக் இன்ட் திருப்புவதாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும், காஸ்ட் போட்டிருந்தால் வாயைத் திறக்காது, 64 பிட் மெஷினில் முகவரி பாதியாக வெட்டுப்படும். இன்றைக்குக் கம்பைலரே தடுத்துவிடுவதால் அந்தக் காரணம் பலமிழந்துவிட்டது. இருந்தாலும் வகையின் பெயரை இரண்டு இடத்தில் எழுதினால், ஒரு இடத்தை மாற்றி மறு இடத்தை மறப்போம். சைஸ்ஆஃப்-க்குள்ளும் வகைப் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறியோடு அந்த பாயிண்டரையே எழுதுங்கள்.

ஒரே ஃபைலை சி-யாகவும் சி++-ஆகவும் கம்பைல் செய்யும் கட்டாயம் இருப்பவர் காஸ்ட் போட்டால் அவரிடம் சண்டை வேண்டாம். அவருக்குக் காரணம் இருக்கிறது.

பிரேஸ் அதே வரியிலா அடுத்த வரியிலா? டேபா ஸ்பேஸா?

எதுவாக இருந்தாலும் சரி, ஒரு புராஜெக்டுக்குள் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். லினக்ஸ் கெர்னலில் டேப், எட்டு எழுத்து அகலம். ஜிசிசி-யை எழுதிய குனூ திட்டத்தில் இரண்டு ஸ்பேஸ். இரண்டு முகாமும் எழுதியதை உலகமே பயன்படுத்துகிறது. நடையைத் தானாகச் சீராக்கும் கிளாங்-ஃபார்மேட்டுக்கு ஃபைல் ஒன்றை எழுதி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் விடாப்பிடியாக நிற்பேன்: இஃப்-க்குக் கீழே ஒரு வரியே இருந்தாலும் பிரேஸ் போட வேண்டும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் தன் போன்களுக்கும் கணினிகளுக்கும் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் புரோகிராமில், இஃப்-க்குக் கீழே ‘கோட்டூ ஃபெயில்’ (ஃபெயில் என்ற இடத்துக்குக் குதி) என்ற வரி இரண்டு தடவை இருந்தது. பிரேஸ் இல்லை. இரண்டாவது வரியும் உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் கண்ணுக்கு இஃப்-க்குச் சொந்தமானது போலத் தெரியும். உண்மையில் அது எப்போதும் ஓடும். கையெழுத்தைச் சரிபார்க்கும் பகுதிக்குப் போகாமலே ‘எல்லாம் சரி’ என்று பதில் போய்க்கொண்டிருந்தது. நடை சம்பந்தப்பட்ட பழக்கம் ஒன்று இருந்திருந்தால், அந்த இரண்டாவது வரி கண்ணில் குத்தியிருக்கும்.

அப்போ கோட்டூவே கூடாதுங்களா?

கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968-இல் கோட்டூவை எதிர்த்து எழுதிய கடிதத்தின் தலைப்பை மட்டும் கேள்விப்பட்டவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். நான்கு ரிசோர்ஸ் வாங்கும் ஃபங்ஷனில் மூன்றாவது கிடைக்காவிட்டால் முதல் இரண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஃபங்ஷனின் அடியில் வரிசையாக லேபிள் வைத்துக் கீழே குதிப்பது சி-யில் சுத்தமான வழி. கெர்னல் முழுக்க அதுதான் பழக்கம். மேல்நோக்கிக் குதிக்காதீர்கள்.

வேரியபிளுக்குத் தமிழில் பேர் வைக்கலாமா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சி99 ஸ்டாண்டர்டின் பின்னிணைப்பு டி-யில், பெயர்களில் அனுமதிக்கும் எழுத்துகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. உயிர், மெய், ஆய்தம், புள்ளி, கால், கொம்பு எல்லாம் யூனிகோடு எண்ணோடு வரும். ‘ஶ’ மட்டும் இல்லை, ஏனென்றால் அது யூனிகோடுக்கே 2005-இல்தான் வந்தது. 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் தமிழ் எழுத்தையே நேரடியாக அடித்துக் கம்பைல் செய்யலாம். ‘நொடி’, ‘மட்டம்’ என்று வைத்துப் பாருங்கள், ஓடும். ஸ்டாண்டர்டுப்படியும் சரி.

வேலை இடத்தில் வைக்கலாமா என்றால், உடன் வேலை செய்யும் எல்லோருக்கும் தமிழ் தெரிந்து, எல்லோர் எடிட்டரும் ஒழுங்காகக் காட்டினால் வைக்கலாம். எங்கள் சிப் கம்பைலர்களில் சில ஒத்துக்கொள்வதில்லை. கமெண்டை மட்டும் நான் தயங்காமல் தமிழில் எழுதுவேன். "ஏன் இப்படி" என்று யோசிப்பது தமிழில்தான்.

எந்த மொழியானாலும் அண்டர்ஸ்கோரோடு கேப்பிட்டல் எழுத்து, இரட்டை அண்டர்ஸ்கோர் இவற்றில் பெயரைத் தொடங்காதீர்கள். அவை கம்பைலருக்கும் லைப்ரரிக்கும் ஒதுக்கியவை.

கம்பைலருக்கு என்ன ஆப்ஷன் கொடுக்கணும்?

எஸ்டிடி=சி11, பெடான்டிக், டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா. முதலாவது எந்த சி என்று சொல்லும், மற்ற மூன்றும் வார்னிங்கைக் கூட்டும். நான்கும் முதல் நாளில் இருந்தே. லேப்டாப்பில் ஓட்டும்போது ஓடும்போதே பிழையைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரும் அன்டிஃபைன்ட் சானிடைசரும் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லை தாண்டினால் எந்த வரி என்று காட்டிவிடும். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் ஓட்டுங்கள். ஒன்று பேசாமல் இருக்கும் இடத்தில் மற்றது வாயைத் திறக்கும்.

மேலே சொன்ன 33 நொடிக் கதையை இது எதுவும் பிடித்திருக்காது. லேப்டாப்பில் இன்ட் வழியவே இல்லை. படித்துத் தெரிந்திருந்தால்தான் உண்டு.

சீனியர் அண்ணன் எழுதினதைத் தப்புன்னு எப்படிங்க சொல்றது?

தயக்கம் நியாயம்தான். இருபது வருசம் வேலை பார்த்தவரிடம் நேற்று வந்த பிள்ளை "இது அன்டிஃபைன்ட்" என்று சொன்னால், கேட்பவர் காதில் "உங்களுக்குத் தெரியாது" என்றுதான் விழும். ஆளை விட்டுவிட்டு, எழுதிய புரோகிராமை நடுவில் வைக்க வேண்டும்.

எங்கள் இடத்தில் ஒரு பெண் செய்ததைச் சொல்கிறேன். எண் வழிகிறதா என்று பார்க்க, அ + 1 < அ என்று ஒரு பழைய சோதனை. எழுதியவர் எங்களில் மூத்தவர். குறி உள்ள எண் வழியாது என்று கம்பைலர் நம்புவதால் அந்த நிபந்தனை எப்போதும் பொய் என்று எடுத்துத் தூக்கிவிடும். அந்தப் பெண் ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் வைத்துக் கம்பைல் செய்து, வந்த அசெம்பிளியை (சிப்புக்கான கட்டளைகளை) ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து, அவர் மேசையில் வைத்தாள். "அண்ணா, இந்த செக் கீழே காணோமுங்ணா. நான் ஏதாச்சும் தப்பாப் பாக்கறனா, கொஞ்சம் பாருங்ணா." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பத்து நிமிசம் பார்த்தார். "ஆமா கண்ணு, காணோம்" என்றார். அன்று மதியமே, கூட்டுவதற்கு முன், இன்ட் தாங்கும் பெரிய எண்ணான இன்ட்-மேக்ஸோடு ஒப்பிடும்படி அவரே மாற்றினார். அடுத்த வாரம் பழைய ஃபைல்களில் அதே மாதிரி இன்னும் நான்கு இடம் கண்டுபிடித்ததும் அவர்தான்.

ஸ்டாண்டர்டை எடுத்துக்காட்டும்போது பத்தி எண்ணோடு காட்டுங்கள்; "எங்கேயோ படிச்சேன்" வேண்டாம். நீங்கள் சொல்வது நடை சம்பந்தப்பட்டது என்றால், "எனக்கு இப்படிப் படிக்கச் சுலபம்" என்று அதை விருப்பமாகவே சொல்லுங்கள். விருப்பத்துக்கு விதி என்று பெயர் வைத்தால், நாளைக்கு நிஜமான விதியைச் சொல்லும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னதில் பிழை இருந்தால் அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் ஒத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ரா சி படிக்கணுங்களா?

வண்டி, மருத்துவக் கருவி பக்கம் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். கார்களுக்காக இங்கிலாந்தில் 1998-இல் தொடங்கிய விதித் தொகுப்பு. முதலில் சி-யைப் படித்துவிட்டு அதற்குப் போங்கள். காரணம் தெரியாமல் விதியைப் பின்பற்றினால் வார்னிங்கை அடக்கத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

சிப் புரோகிராமில் முழுக்க ஸ்டாண்டர்டுப்படி எழுத முடியுமா?

முடியாது. இன்டரப்ட் ஃபங்ஷனை (வெளியிலிருந்து சிக்னல் வந்ததும் ஓடுவதை) எப்படி அறிவிப்பது என்று ஸ்டாண்டர்டில் கிடையாது. ரெஜிஸ்டரின் பெயர்கள் சிப் கம்பெனி கொடுப்பவை. அதனால் ஸ்டாண்டர்டைத் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சிப்பைத் தொடும் வரிகளை எல்லாம் ஒரே ஃபைலுக்குள் அடையுங்கள். தண்ணீர் மட்டம், டிரை ரன், தாமதம், சிங்கிள் ஃபேஸ் தடுப்பு எல்லாம் சுத்தமான சி-யில் வெளியே இருக்கட்டும்.

2021-இல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்தபோது நாங்கள் வழக்கமாக வாங்கிய சிப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். கிடைத்தது வேறு கம்பெனிச் சிப், வேறு கம்பைலர், இன்ட் 32 பிட். ஒன்பது ஃபைல்களில் எட்டை அப்படியே எடுத்துப் போட்டோம். ஒன்பதாவதைத் திரும்ப எழுத ஆறு நாள் ஆனது. ஏழாவது நாள் புது போர்டில் 33 வைத்தோம். முப்பத்து மூன்றாவது நொடியில் கான்டாக்டர் இழுத்தது.